மை இருந்தும் புள்ளி விழவில்லை: வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் கறுப்பு கார்ட்ரிட்ஜ்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்காவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே குடியிருக்கிறேன். தமிழ்வழிப் பிரிவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வருவதால், மார்கழி பிறந்ததிலிருந்து வாரம் ஒரு மாதிரி வினாத்தாளை வீட்டிலேயே தட்டச்சு செய்து, என் பிரிண்டரில் ஒரு நல்ல பிரதி எடுத்து, அதைக் கடையில் ஜெராக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறேன். பிரிண்டர் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்கேனரும் சேர்ந்த சாதாரண வீட்டு இங்க்ஜெட்தான். கறுப்புக்கு ஒன்று, மூன்று வண்ணங்களுக்கும் சேர்த்து ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் உள்ளன.

மூன்று வாரங்களாகக் கறுப்பு எழுத்துகளின் குறுக்கே, தாளின் தலையிலிருந்து அடிவரை ஒரே சீரான இடைவெளியில், மயிரிழை அகலத்துக்கு வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. ஆங்கிலமாக இருந்தால் ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் அந்தக் கோடு எழுத்தின் தலைமேல் விழுந்தால் புள்ளியே இல்லாமல் போகிறது. ‘மீ’யின் சுழி மறைந்து ‘மி’யாக நிற்கிறது. சென்ற வாரம் ‘கீழ்க்காணும் தொடரில் உள்ள மெய்யெழுத்துகளை எடுத்தெழுதுக’ என்று ஒரு வினா கொடுத்திருந்தேன். தொடரில் இருந்த ஆறு மெய்களில் நான்கிற்குப் புள்ளி இல்லை. ஒரு பெண் எழுந்து, “டீச்சர், இது மெய்யா, உயிர்மெய்யா?” என்று கேட்டாள். தாள்களை எல்லாம் அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பிரிண்டர் தானே மையைப் பீச்சித் தன் அச்சுமுனையைச் சுத்தம் செய்துகொள்ளும் ஹெட் கிளீனிங்கை ஒரே மாலையில் ஆறு முறை கொடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு முறை சற்றுத் தெளிந்தது. பிறகு முன்னைவிட மோசமாயிற்று. கறுப்பு கார்ட்ரிட்ஜை ஐப்பசியில் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் ரீஃபில் செய்திருந்தேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் மை காலி என்றே காட்டுகிறது. ஆனால் கையில் எடுத்தால் கனமாகத்தான் இருக்கிறது. அதே கடைக்கு எடுத்துப் போனபோது, “ஹெட் போய்விட்டது, புதுப் பிரிண்டர் வாங்கிவிடுங்கள்” என்றார்கள்.

உதவுமோ என்று இதையும் எழுதிவிடுகிறேன். பிரிண்டர் இருப்பது கிழக்குப் பார்த்த ஜன்னலோரத்தில். ஐப்பசி இடிமழையில் அடுத்த வீட்டு டி.வி. கருகிப் போனதிலிருந்து, இரவில் எல்லாவற்றையும் ஸ்விட்ச் போர்டிலேயே அணைத்துவிடுகிறோம். குறை கார்ட்ரிட்ஜிலா, பிரிண்டரிலா? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, அல்லது பலரும் சொல்வதுபோல் மைத்தொட்டி உள்ள பிரிண்டருக்கு மாறிவிடுவது நல்லதா? அடுத்த வினாத்தாள் வியாழக்கிழமை கொடுக்க வேண்டும்.

பதில்: பொள்ளாச்சி சர்வீஸ்காரர்

டீச்சர், வணக்கம். முதல் வேலையாக ஹெட் கிளீனிங்கை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வகைப் பிரிண்டரில் பிரிண்ட் ஹெட் என்பது பிரிண்டரில் இல்லை, கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. கறுப்பு கார்ட்ரிட்ஜைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள்: பக்கவாட்டில் பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக உள்ள ஒரு பட்டை தெரியும், அது மின்தொடர்புக்கானது, அடியில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு தகடு இருக்கும், அதுதான் ஹெட். ஆகவே ஹெட் உண்மையிலேயே போயிருந்தாலும் கார்ட்ரிட்ஜை மாற்றினால் புது ஹெட் வந்துவிடும். அதற்காகப் பிரிண்டரையே மாற்றச் சொன்னது சரியல்ல. ஹெட் பிரிண்டரோடு நிலையாகப் பொருத்தப்பட்ட மாடல்களுக்கு வேண்டுமானால் அந்தப் பேச்சு பொருந்தும்.

அந்தத் தகட்டில் தலைமயிரைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நாசில் என்று நாங்கள் சொல்வது அவற்றைத்தான். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய சூடேற்றி இருக்கிறது. அது கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய பகுதிக்குள் மையைக் கொதிக்கவைத்து ஒரு குமிழியை எழுப்ப, அந்தக் குமிழி தள்ளும் வேகத்தில் ஒரு துளி வெளியே தெறிக்கிறது. 1977இல் கேனான் ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு மை பீச்சியடித்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்த வழிமுறை இது. இதில் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சூடேற்றிக்குக் குளிர்ச்சி தருவதும் மைதான். துளை அடைபட்டு மை வராத நிலையில் திரும்பத் திரும்ப ஹெட் கிளீனிங் கொடுத்தாலும், வெற்றாகப் பக்கங்களை அச்சிட்டாலும், சூடேற்றி வறண்டே எரிந்து நிரந்தரமாகப் போய்விடலாம். அடைப்பை எடுத்துவிடலாம், எரிந்ததை உயிர்ப்பிக்க முடியாது. ஆறு முறை கொடுத்தபோது இரண்டு முறைக்குப் பிறகு மோசமானது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. இரண்டு முறைக்குள் தெளியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

திரையில் காலி என்று காட்டுவதைப் பொருட்படுத்தாதீர்கள். இவ்வகைக் கார்ட்ரிட்ஜில் மையை அளந்து பார்க்கும் கருவி எதுவும் இல்லை. எத்தனை துளி தெறித்திருக்கும் என்று பிரிண்டர் போட்டுவைக்கும் கணக்குதான் அது, ரீஃபில் செய்தது அதற்குத் தெரியாது. கனம் இருக்கிறது என்று நீங்கள் கையால் பார்த்ததே சரியான அளவு.

வெள்ளைக் கோடு தாளின் தலையிலிருந்து அடிவரை ஒரே இடைவெளியில் விழுகிறது என்று எழுதியதில் பாதி விடை இருக்கிறது. தாளின் மேற்பகுதி நன்றாக வந்து, போகப்போக மங்கியிருந்தால், ரீஃபில் செய்தவர் கார்ட்ரிட்ஜின் மேலுள்ள காற்றுத் துளையை டேப் ஒட்டி மூடிவிட்டார் என்று சந்தேகப்படுவேன். காற்று உள்ளே புகாவிட்டால் உள்ளிருக்கும் பஞ்சு மையைக் கீழே விடாது. உங்களுடையது அப்படியில்லை. குறிப்பிட்ட சில துளைகள் மட்டும் அடைபட்டிருக்கின்றன.

இப்போது செய்ய வேண்டியது. டிஷ்யூ தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்து, கார்ட்ரிட்ஜின் தகட்டை அதன்மேல் நேராக ஒற்றி, ஐந்தாறு நொடி கழித்து எடுங்கள். கறுப்பு முழுக் கோடாக இறங்கியிருந்தால் துளைகள் திறந்திருக்கின்றன. கோடு நடுவில் அறுந்திருந்தால் அங்கே அடைப்பு. அடைப்பு என்றால், ஒரு தட்டையான மூடியில் டிஸ்டில்ட் வாட்டரை விரல் பொறுக்கும் சூட்டில் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றி, தகடு மட்டும் நனையும்படி பத்து நிமிடம் நிறுத்திவையுங்கள். பொன்னிறப் பட்டையில் ஈரம் படக்கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கிவைத்திருக்கும் டிஸ்டில்ட் வாட்டரே போதும். ஆசிட் கலந்ததை மறந்தும் எடுத்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு அந்தத் துளைகளிலும் படியும். பிறகு மறுபடியும் டிஷ்யூவில் ஒற்றுங்கள். தேய்த்துத் துடைக்காதீர்கள், ஒற்றி மட்டும் எடுங்கள். வண்ணக் கார்ட்ரிட்ஜுக்குச் செய்தால், ஒற்றிய இடத்திலேயே மறுபடி ஒற்றக்கூடாது. மஞ்சள் துளைக்குள் நீலம் ஏறிவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி. ஸ்விட்ச் போர்டில் அணைப்பதற்கு முன், பிரிண்டரில் உள்ள பவர் பட்டனை அழுத்துகிறீர்களா? பட்டனை அழுத்தினால்தான் கார்ட்ரிட்ஜ்கள் வலப்பக்கம் நகர்ந்து, அங்குள்ள ரப்பர் மூடிமேல் உட்காரும். அந்த மூடிதான் இரவெல்லாம் துளைகளைக் காயாமல் காக்கிறது. ஓட்டத்தின் நடுவிலோ, மூடியில் உட்காருவதற்கு முன்போ கரண்டை நிறுத்தினால் ஹெட் திறந்தவாக்கில் காற்றில் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் உலர்ந்த கிழக்குக் காற்று எங்கள் ஊரையும் உங்கள் ஊரையும் ஒன்றாகத்தான் வாட்டுகிறது. கொடியில் போட்ட வேட்டி அரைமணியில் காய்ந்துவிடும் காற்றில், அந்த மை காய எவ்வளவு நேரம் ஆகும்? இந்த இரண்டு மாதங்களில்தான் என்னிடம் இதே குறையோடு அதிகம் பேர் வருகிறார்கள்.

பதில்: செங்கோட்டை ஜாப் டைப்பிங்

மேலே எழுதிய அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஐப்பசியில் ரீஃபில் செய்தவர் எந்த மையை நிரப்பினார் என்று கேளுங்கள், டீச்சர். இரண்டு கார்ட்ரிட்ஜ் உள்ள பல பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது நிறப்பொடி மிதக்கும் மை. வண்ணங்கள் மூன்றும் கரைந்த சாயமான டை மை. பிக்மென்ட் இருந்த கார்ட்ரிட்ஜில், ‘எல்லாப் பிரிண்டருக்கும் ஆகும்’ என்று பாட்டிலில் விற்கும் டை மையை ஊற்றினால், சிலவேளை இரண்டும் சேர்ந்து உள்ளே திரிந்துபோகும். அப்படித் திரிந்திருந்தால் வெளியிலிருந்து ஊறவைத்துப் பெரிய பயனிராது.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். அந்தக் கறுப்பில் நான்கு வரி அச்சிட்டு, ஐந்து நிமிடம் உலரவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எழுத்து அசையாமல் நின்றால் பிக்மென்ட். ஊதாவாகவோ நீலமாகவோ கரைந்து ஓடினால் டை.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் நிற்காது. அப்படி ஒரு ஆடியில், விலை குறைவு என்று டை மை நிரப்பிய கார்ட்ரிட்ஜில் ஒருவருக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். புனலூர் பஸ் ஏறப் போன மனிதர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். தாளில் அவருடைய பெயரும் கதவு எண்ணும் மட்டும் நனைந்து ஒரே நீலக் கறையாக இருந்தன. அன்றிலிருந்து கறுப்புக்குப் பிக்மென்ட் தவிர வேறெதையும் நான் நிரப்புவதில்லை. நிரப்பும்போதும் சிரிஞ்சால் மெதுவாக, பஞ்சு குடிக்கும் வேகத்துக்கு ஏற்றபடிதான் விட வேண்டும். துளை வழியே வழியும்வரை அழுத்தி நிரப்பினால் உள்ளே காற்றடைப்பு விழும், பிறகு தாளெல்லாம் சொட்டும்.

ஊறவைத்து எடுத்த பிறகும் நெடுக்குக் கோடுகள் முறிந்து, எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அது மையின் குறையல்ல. கார்ட்ரிட்ஜ் ஓடும் பாதைக்குப் பின்னால், கண்ணாடிபோல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டியிருக்கும். அதில் உள்ள நுண்கோடுகளைப் பார்த்துத்தான் பிரிண்டர் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிகிறது. அதில் மையோ கிரீஸோ பட்டிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சு உதிராத துணியை டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்துப் பிழிந்து, நாடாவை இரண்டு விரலால் தாங்கியபடி மெதுவாக ஒருமுறை துடைத்தால் போதும். இழுத்துவிடாதீர்கள், கொக்கியிலிருந்து கழன்றால் மாட்டுவது பெரும்பாடு.

பதில்: கம்பம் ஏலக்காய்க் கணக்கு

தொட்டி உள்ள பிரிண்டருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாறியவன், ஆகவே மாறும்முன் யோசிக்கச் சொல்கிறேன். குமுளிக்கும் போடிக்கும் போகும் ஏலக்காய் மூட்டைகளுக்குச் சீட்டும் பில்லும் நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது தாள் அடிக்கிறோம். எங்களுக்குத் தொட்டி கட்டுபடியாகிறது. ஒரு தாளுக்கு ஆகும் மைச் செலவு கார்ட்ரிட்ஜோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் என் மாடலில் ஹெட் பிரிண்டரிலேயே நிலையாக உள்ளது. அது அடைபட்டால் கழற்றி மூடியில் ஊறவைக்க முடியாது.

வீட்டில் ஒரு விசேஷத்துக்காக மூன்று வாரம் கடையை மூடியபோது, மெயினையே அணைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் மஞ்சள் அறவே வரவில்லை. பதற்றத்தில் ஒரே நாளில் எட்டு முறை ஹெட் கிளீனிங் கொடுத்தேன். மஞ்சள் வரவில்லை, ஆனால் மற்ற மூன்று தொட்டிகளிலும் மை கண்ணெதிரே இறங்கியது. அந்த மையெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போது நினைக்கவில்லை. பிரிண்டரின் அடியில் கழிவு மையைக் குடிக்கும் பஞ்சுப் பட்டை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிளீனிங்கும் அதில்தான் கொட்டுகிறது. சில மாதங்களில் அந்தப் பட்டை நிறைந்துவிட்டதாக அறிவிப்பு வந்து, பிரிண்டர் அச்சிடவே மறுத்துவிட்டது. சர்வீஸில் பட்டையை மாற்றிய பிறகுதான் ஓடியது.

கையேட்டை முன்பே படித்திருந்தால் தப்பித்திருப்பேன். எல்லாத் துளைகளிலும் மை வருகிறதா என்று அச்சிட்டுப் பார்க்கும் நாசில் செக், ஹெட் கிளீனிங் இரண்டையும் மூன்று முறை செய்தும் தெளியாவிட்டால், குறைந்தது 12 மணி நேரம் அச்சிடாமல் விட்டுவைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று அதில் தெளிவாக உள்ளது. அந்த இடைவெளியில் காய்ந்த மை ஊறிக்கொடுக்கிறது, குழாயில் நுழைந்த காற்றுக் குமிழிகளும் மேலேறிவிடுகின்றன. அதற்கும் அசையாவிட்டால்தான், நிறைய மையைச் செலவழித்துக் குழாய் முழுவதையும் கழுவும் பவர் கிளீனிங். அதையும் ஒவ்வொரு தொட்டியிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் காற்றை உறிஞ்சி இன்னும் கெட்டுவிடும்.

டீச்சருக்கு வாரம் ஒரு வினாத்தாள்தான் வேலை. அதற்குத் தொட்டி வேண்டாம் என்பது என் கருத்து. தொட்டிப் பிரிண்டர் தினம் ஓடினால்தான் நலமாக இருக்கும். புதிதாக வாங்கியே தீர வேண்டும் என்றால் கறுப்பு மட்டும் அடிக்கும் லேசர் பிரிண்டரைப் பாருங்கள். டோனர் என்பது பொடி. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்வதற்கு அதில் எதுவும் இல்லை, புள்ளியும் கூர்மையாக விழும். ஆனால் அது சூடேறும் கணத்தில் மின்சாரத்தை நிறைய இழுக்கும், ஆதலால் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள்.

மறுமொழி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

பவர் பட்டனை நாங்கள் ஒருநாளும் அழுத்தியதில்லை. அச்சிட்ட தாளைக் கையில் எடுத்த கையோடு என் கணவர் சுவரில் ஸ்விட்சை அணைத்துவிடுவார். மூடியைத் திறந்து பார்த்தபோது இரண்டு கார்ட்ரிட்ஜ்களும் பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தன. ரப்பர் மூடியின் விளிம்பில் காய்ந்த மை, தார் போலக் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதையும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

டிஷ்யூவில் முதல்முறை ஒற்றியபோது, கறுப்பு கண்ணிமை மயிர் அளவுக்கு ஒரு கோடாக இறங்கியது; ஆனால் மூன்று இடங்களில் அறுந்திருந்தது. பத்து நிமிடம் ஊறவைத்ததும், தகட்டிலிருந்து தண்ணீருக்குள் மெல்லிய புகை போலக் கறுப்பு இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் முறை ஊறவைத்து ஒற்றியபோது கோடு ஏறக்குறைய முழுமையாக விழுந்தது. தண்ணீர்ச் சொட்டுச் சோதனையில் எழுத்து கரையவில்லை, ஆகவே கடையில் நிரப்பியது பிக்மென்ட் மைதான் என்று தெரிகிறது. பிரிண்டரில் பொருத்தி, அலைன்மென்ட் தாளையும் அடித்துவிட்டேன். புள்ளிகள் திரும்பிவிட்டன. ‘மெய்யெழுத்து’ என்ற சொல்லை முப்பது தடவை அச்சிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஆனால் நாசில் செக் தாளில் படிக்கட்டுபோல் விழும் சிறு கோடுகளில், ஓரிடத்தில் மட்டும் ஒரு படி இன்னும் விடுபட்டே இருக்கிறது. மூன்றாம் முறை ஊறவைத்தும் மாறவில்லை. அந்த இடம் ஒரு வரியின் புள்ளிமேல் விழுந்தால் புள்ளி மெலிந்துவிடுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா? இடி மின்னல் இருக்கும்போது என்ன செய்வது?

பதில்: பொள்ளாச்சி சர்வீஸ்காரர்

மிகவும் சந்தோஷம், டீச்சர். விடுபட்ட அந்தப் படியைப் பொறுத்தவரை, அந்தத் துளையின் சூடேற்றி எரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இனி ஊறவைத்துக் கார்ட்ரிட்ஜை நனைத்துக்கொண்டே இருக்காதீர்கள். அச்சிடும்போது தரத்தை ‘டிராஃப்ட்’ என்றோ ‘நார்மல்’ என்றோ வைக்காமல் ‘ஹை’ அல்லது ‘பெஸ்ட்’ என்று வையுங்கள். அப்போது பிரிண்டர் ஒவ்வொரு வரியின்மேலும் ஒருமுறைக்குப் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓடும். செத்துப்போன துளை விட்ட இடத்தைப் பக்கத்துத் துளை நிரப்பிவிடும். நேரம் கூடுதலாக ஆகும், வாரம் ஒரு தாளுக்கு அது பெரிதல்ல. எழுத்தளவையும் 14க்குக் குறையாமல் வையுங்கள்; புள்ளி பெரிதாக இருந்தால் ஒரு கோடு அதை முழுதாக விழுங்க முடியாது. இந்த மை தீர்ந்ததும் இதையே ரீஃபில் செய்யாமல் புதுக் கறுப்பு கார்ட்ரிட்ஜ் வாங்கிவிடுங்கள்; இதன் ஹெட் தன் வேலையைச் செய்துமுடித்துவிட்டது.

இடி வந்தால் தாராளமாகப் பிளக்கைப் பிடுங்கலாம். முதலில் பவர் பட்டனை அழுத்துங்கள். கார்ட்ரிட்ஜ் வலப்பக்கம் போய் உட்காரும் ‘டக்’ என்ற ஓசை கேட்டு, விளக்கும் அணைந்த பிறகு சுவரில் அணையுங்கள். அரை நிமிட வேலை. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவைத்தால் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாசி முடியும்வரை அந்த ஜன்னலோரத்திலிருந்து பிரிண்டரை உள்பக்கமாக நகர்த்தி வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள், கறுப்பும் மூன்று வண்ணங்களும் உள்ள கால் பக்கம் ஏதாவது அச்சிடுங்கள்.

மறுமொழி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

‘ஹை’ என்று வைத்து, 14 அளவில் அடித்துப் பார்த்துவிட்டேன். ‘ஃ’ எழுத்தின் மூன்று புள்ளிகளும் தனித்தனியே நிற்கின்றன. ஸ்விட்ச் போர்டில் தாள் ஒட்டியாயிற்று. வினாத்தாளை இன்று மாலை ஜெராக்ஸுக்குக் கொடுக்கிறேன்.